இழுவைக் கயிறு அறுந்தால் ஏன் பாய்கிறது?

2005 ஜூலை 26-இல் மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அந்நகரின் மாட்டுங்காவிலுள்ள கிங்ஸ் சர்க்கிள் இன்றும் பெருமழையில் குளமாகிவிடும். அப்படித் தேங்கும் நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. வண்டியை இழுத்துத்தான் மீட்க வேண்டும். அதற்கு ஜீப்பில் பொருத்திய மின் வின்ச், அதாவது டிரம்மில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி, உதவும்.

சின்ன மோட்டார் எப்படி டன் கணக்கில் இழுக்கிறது? பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகின்றன. அதற்கு விலை மின்சாரம்: முழு இழுவையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 400 ஆம்பியர் வரை பாயலாம். ஆகவே தடித்த கேபிள் வேண்டும், இழுக்கும் ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வின்ச்சைச் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பம்பர் தகடு தாங்காது.

டிரம்மில் எப்போதும் குறைந்தது ஐந்து சுற்று மிச்சமிருக்கட்டும். அந்தச் சுற்றுகளின் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது, நுனியிலுள்ள சிறு பிடிப்பு அல்ல.

உண்மையில் அஞ்ச வேண்டியது கயிற்றை. இழுபடும் எஃகுக் கயிறு, நாணேற்றிய வில்லைப் போல ஆற்றலைச் சேமிக்கிறது. அறுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் சவுக்காகச் சீறும். அதன்மேல் கனத்த ஈரச் சாக்கைப் போட்டால் அந்த வீச்சு தணியும். கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் எல்லோரையும் நிறுத்துங்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை முதலில் விலக்குங்கள்.