ராத்திரியிலும் அனல் கக்கும் கான்கிரீட் தளம்... சின்ன வீட்டையும் குளு குளுன்னு கட்ட வழி இருக்கு!

மதுரை:-

மதுரையில் கோடை வந்துவிட்டால் வெயில் 40 டிகிரியை தாண்டுவது சர்வ சாதாரணம். பகலில் வேலைக்கு போன இடத்தில் எப்படியோ சமாளித்து விடலாம். ராத்திரி வீட்டுக்குள் படுத்தால்தான் வேதனை. பேன் போட்டாலும் அனல் காற்றுதான் இறங்குகிறது. குழந்தைகளும் வயசானவர்களும் தூங்க முடியாமல் புரள்கிறார்கள்.

காரணம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை உள்வாங்கி வைத்து, ராத்திரியில் மெல்ல மெல்ல வீட்டுக்குள் விடுகிறது. மெல்லிய ஓடு அப்படி இல்லை. பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும்.

2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடியில் ரூ.1.80 லட்சத்துக்கு வீடு, 5 சோலார் விளக்கு, மழைநீர் சேகரிப்பு எல்லாம் இருந்தது. கரண்ட் போனாலும் வெளிச்சம் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் சோலார் விளக்கு புழுக்கத்தை போக்காதே!

கிராமங்களுக்கு 2024-ல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிதான் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடியை தீப்பிடிக்காத வேறு பொருளில், பயனாளி விருப்பப்படி போட்டுக் கொள்ளலாம்.

அந்த 60 சதுர அடியை 'சும்மா ஒரு சாய்ப்புதானே' என்று விட்டுவிடக் கூடாது. மேலூர், உசிலம்பட்டி பக்கம் தாத்தாவின் கயிற்றுக் கட்டில், நெல் மூட்டை, மழைக்கு ஒதுங்கும் ஆட்டுக்குட்டி எல்லாத்துக்கும் அதுதான் இடம். அதையே மேற்கு பக்கமாக ஓடு போட்டு இறக்கினால் சாயங்கால வெயில் சுவரில் விழாது. ஒரே செலவு, ரெண்டு லாபம்.

சுவரிலும் மிச்சம் பிடிக்கலாம். இங்கிலாந்தில் பிறந்து கேரளாவில் குடியேறிய லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறி கட்டு' முறையில் செங்கலை படுக்க வைக்காமல் நிறுத்தி கட்டுகிறார்கள். நடுவில் விழும் காற்று இடைவெளி சூட்டை தடுக்கும். செங்கலும் கால்வாசி மிச்சம். ஆனால் பழக்கமுள்ள கொத்தனாரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்கனவே கட்டி குடியிருப்பவர்கள் என்ன செய்வது? மொட்டைமாடியை நன்றாக கழுவி காயவிட்டு வெள்ளை சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலை திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். சித்திரை வரை காத்திருக்காமல் மாசியிலேயே முடித்து விடுவது நல்லது.