அருவியில் 'குளிக்கத் தடை'யா? லீவு ட்ரிப் வீணாகாம இருக்க என்ன செய்யணும்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களுக்கு ஒரு கைடு

ஸ்கூல் லீவு விட்டாச்சு. வேன் பேசியாச்சு, புளியோதரை கட்டியாச்சு. அருவிக்குப் போய் இறங்கினா, 'வெள்ளப்பெருக்கு காரணமாக குளிக்கத் தடை'ன்னு போர்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி குடும்பங்களுக்கு இது புதுசு இல்லை. ஆனா கொஞ்சம் திட்டமிட்டா இந்த ஏமாற்றத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.

வெயில் அடிக்குது, ஏன் தடை?

அருவிக்குத் தண்ணீர் வருவது மேலே உள்ள மலைக்காட்டில் இருந்து. அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மணி நேரம் கனமழை கொட்டினால் போதும், கீழே திடீர் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் நடந்தது. திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். 2015 மே மாதம் சதுரகிரி மலையிலும் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. அதனால் தடை என்பது நம்மை அலைக்கழிக்க இல்லை, காப்பாற்றத்தான்.

எந்த இடம், எப்போது மூடும்?

குற்றாலம்: ராஜபாளையத்தில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றுக்கும் எப்போதும் சேர்த்தே தடை போடுவதில்லை. ஒன்றில் தடை இருந்தாலும் இன்னொன்றில் அனுமதி இருக்கலாம். எந்த அருவி என்று குறிப்பிட்டு விசாரிங்க.

அய்யனார் கோவில், செண்பகத்தோப்பு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு இவைதான் பக்கம். விருதுநகர் மாவட்டத்துக்கு அதிக மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் நல்லா வருவதும் அப்போதான், தடை வருவதும் அப்போதான். அய்யனார் கோவில் ஆற்றைக் கடந்து போனவர்கள், வெள்ளத்தால் திரும்ப முடியாமல் தவித்து, தீயணைப்பு வீரர்கள் மீட்ட சம்பவங்கள் உண்டு.

சதுரகிரி: மலையேற அனுமதி நாட்கள் நீதிமன்றம், வனத்துறை உத்தரவுகளுக்கு ஏற்ப மாறி வந்திருக்கின்றன. அனுமதி நாளாகவே இருந்தாலும், மழை எச்சரிக்கை வந்தால் தாணிப்பாறை கேட்டிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

கோடையில் காட்டுத்தீயும் ஒரு பிரச்னை. 2018 மார்ச்சில் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதால், காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி ரொம்ப முக்கியம்.

கிளம்பும் முன் 3 செக்

1. முந்தைய நாள் இரவு: உங்க ஊர் மழையைப் பார்க்காதீங்க, மலை மழையைப் பாருங்க. விருதுநகர், தென்காசி மாவட்டங்களுக்கு ஆரஞ்சு அலர்ட் இருந்தால், அதாவது 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழைக்கு வாய்ப்பு என்றால், ட்ரிப்பைத் தள்ளி வைப்பதே நல்லது.

2. காலையில்: வானிலை ஆய்வு மையத்தின் 'அடுத்த 3 மணி நேர' அறிவிப்பைப் பாருங்க. டிஎன் அலெர்ட் செயலியிலும் எச்சரிக்கை வரும்.

3. வேன் எடுக்கும் முன்: போற இடத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போடுங்க. வாட்ஸ்அப்பில் சுற்றும் அருவி வீடியோவை நம்பாதீங்க. அது போன வருஷத்து வீடியோவாகக்கூட இருக்கலாம்.

தங்கும் ரூமுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டாதீங்க. கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும்னு முதலிலேயே கேட்டுக்கோங்க.

தடை போட்டாச்சு... இனி என்ன?

மாற்றுத் திட்டம் அதே திசையில் இருக்கட்டும். செண்பகத்தோப்பு இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் 11 நிலை ராஜகோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையிலோ மாலையிலோ போங்க. திரும்பும்போது 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா இருக்கவே இருக்கு. குற்றாலம் இல்லையா? தென்காசி காசி விஸ்வநாதர் கோவில் வழியிலேயே இருக்கு.

"அருவி இல்லைனா கோவில், அப்புறம் பால்கோவா"ன்னு குழந்தைகளிடம் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. அங்கே போய் அழுகை இருக்காது.

தீம் பார்க் போறவங்களுக்கும் இதே கணக்குதான். இடி, மின்னல், பலத்த காற்று, பராமரிப்பு என்று ரைடுகளை நிறுத்துவது வழக்கம். டிக்கெட் எடுக்கும் முன் இன்று எந்த ரைடு ஓடவில்லை, குழந்தைக்கு உயரக் கட்டுப்பாடு உண்டா, பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்க.

தண்ணீரில் இருக்கும்போது கவனிக்க வேண்டியவை

தெளிவான தண்ணீர் கலங்கலாகுதா? சருகும் குச்சியும் மிதந்து வருதா? மேலே இருந்து இரைச்சல் கூடுதா? உடனே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறிடுங்க. துணி, செல்போன் எடுக்கத் திரும்பாதீங்க. ஆற்றின் மறுகரையில் சிக்கிக்கிட்டா, கடக்க முயற்சி செய்யாம அங்கேயே மேட்டில் இருங்க. மாவட்ட அவசர உதவிக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

தடுப்பைத் தாண்டி, பின்பக்கப் பாதையில் கூட்டிட்டுப் போறேன்னு யாராவது சொன்னால் போகாதீங்க. அருவி அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.