கரை மாறினால் தட்டானும் மாறும்

ஓடைக்கரை மரங்களை வெட்டினால் அங்கே தட்டான்கள் குறையும் என்றுதான் பொதுவாக நினைப்போம். பல இடங்களில் நடப்பது வேறு. வெயில் படத் தொடங்கியதும் முன்பு இல்லாத தட்டான்கள் வந்து சுற்றுகின்றன. இனங்களின் எண்ணிக்கைகூட உயரலாம். அதைப் பார்த்துவிட்டு ஓடைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டுவதைப் போல ஆபத்தான தவறு வேறில்லை. கரை கெடும்போது தட்டான் கூட்டம் பெரும்பாலும் ஒரேயடியாக அழிவதில்லை. அந்த ஓடையை மட்டுமே நம்பி வாழ்ந்தவை வெளியேற, எங்கும் பிழைக்கக்கூடியவை அந்த இடத்தில் குடியேறுகின்றன. தலைகளை எண்ணினால் இந்த இழப்பு கணக்கிலேயே வராது.

இப்படி ஆள் மாறுவதற்குக் காரணம் அவற்றின் உடலமைப்பிலேயே இருக்கிறது. இறக்கையை விரித்தபடி உட்காரும் தடித்த தட்டான்களில் பல, வெயில் காய்ந்துதான் பறக்கச் சூடேறுகின்றன. மேலே நிழல் மூடிய ஓடை அவற்றுக்கு ஏற்றதல்ல. மெல்லிய உடல்கொண்ட ஊசித்தட்டான்களின் வெப்பம் சுற்றியுள்ள காற்றோடு சேர்ந்தே ஏறி இறங்கும். காட்டு நிழலுக்குப் பழகிய ஊசித்தட்டானுக்கு நண்பகல் வெயில் பட்டால் உடல் வறண்டுவிடும். முட்டையிடும் முறையும் வேறு. தட்டான்களில் பல நீர்ப்பரப்பில் வாலைத் தட்டித் தட்டி முட்டையை உதிர்த்துவிட்டுப் போகும். ஊசித்தட்டானோ தண்டையோ இலையையோ ஊறிய கட்டையையோ கீறி அதற்குள் முட்டையைச் செருகுகிறது. செடியில்லாத கரையில் அதற்குப் பிள்ளைப்பேறே இல்லை. நீருக்குள் வளரும் இளம்பருவம் முடிந்ததும் பெரும்பாலானவை ஒரு தண்டையோ பாறையையோ பற்றி மேலேறித் தோலுரித்தால்தான் இறக்கை விரியும். கரையை வழித்துவிட்டால் அந்தப் படிக்கட்டும் போய்விடுகிறது. செடியற்ற கரையிலிருந்து மழையோடு இறங்கும் வண்டல் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிடுவதால், அங்கே பதுங்கி வாழும் இளம்பூச்சிகள் கடைசியில் ஒண்ட இடமின்றிப் போகின்றன.

அப்படியென்றால் கரையெல்லாம் மரம் நட்டால் போதுமே என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதி இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. அங்கே மலையோடைகளின் கரையில் இயல்பாக வளர்பவை பெரும்பாலும் குறும்புதர்கள். வெயில் தடையின்றி நீரைத் தொடும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வாட்டில் மரங்கள் அந்தக் கரைகளில் பரவி அடர்ந்து நிழல் கட்டின. உலகில் வேறெங்கும் இல்லாத, அந்த மண்ணுக்கே உரிய தட்டான்கள் பல இதனால் ஒதுங்கிப்போயின. 1995இல் தொடங்கிய ‘தண்ணீருக்காக வேலை’ என்ற அரசுத் திட்டம், வேலையில்லாதோருக்குக் கூலி கொடுத்து இந்த அயல் மரங்களை அகற்றியது. ஸ்டெல்லன்போஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாம்வேஸும் உடன் ஆய்வாளர்களும் அகற்றிய கரைகளையும் அகற்றாத கரைகளையும் ஒப்பிட்டார்கள். மரம் அகற்றிய இடங்களுக்கு மண்ணுக்குரிய தட்டான்கள் திரும்பி வந்திருந்தன. அந்தப் பகுதிக்கே உரிய ஓர் ஊசித்தட்டான் 1920க்குப் பின் கண்ணில் படாமலே இருந்து 2003இல் மீண்டும் காணப்பட்டது. பின்னர் அதன் பேரினத்துக்கு ‘நன்னம்பிக்கை’ என்று பொருள்படும் ஸ்பெஸ்போனா என்ற இலத்தீன் பெயரைச் சூட்டினார்கள்.

போர்னியோவின் சபா மாநிலத்தில் கதை தலைகீழ். அங்கே ஓடைக்கு உரியது மழைக்காட்டின் நிழல். காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்ட பிறகு வளர்ந்த தட்டான்களின் இன எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. எந்தெந்த இனங்கள் என்ற பட்டியல்தான் மாறிப்போனது. தோட்டத்துக்குள்ளேயே ஓடையோரம் காட்டுத் துண்டை விட்டுவைத்த இடங்களில் பழைய கூட்டத்தின் சாயல் மிஞ்சியது. அமேசானிலும் கரை திறந்துகொள்ளும்போது ஊசித்தட்டான்களின் பங்கு குறைந்து தட்டான்களின் பங்கு கூடுகிறது. அந்த விகிதத்தையே ஓடையின் நலம் காட்டும் அளவுகோலாக ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். கேப்பில் நிழல் கெடுத்தது, சபாவில் வெயில் கெடுத்தது. ஆக, நிழலோ வெயிலோ தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. அந்த ஓடை எந்தக் கரையோடு காலங்காலமாக வாழ்ந்ததோ அதுதான் அதன் தட்டான்களுக்கு வீடு.

வெளியேறிய இனத்துக்குப் பதில் இன்னொன்று வந்துவிட்டதே, பூச்சி பூச்சிதானே என்று ஒருவர் கேட்கலாம். புதிதாக வருபவை யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மழைக்காலத்தில் நம் வயல்களின் மேல் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டான் தேங்கிய மழைநீரில் சில வாரங்களிலேயே வளர்ந்து, கடல்தாண்டிப் பறக்கும். அதற்கு எந்த ஓடை போனாலும் கவலையில்லை. ஒற்றை மலைத்தொடரின் குளிர்ந்த நீரில் மட்டும் வாழும் இனத்துக்கோ இன்னோர் இடமே கிடையாது. உலகத் தட்டான்களில் 6,016 இனங்களை மதிப்பிட்டு 2021இல் வெளியான சிவப்புப் பட்டியல், அவற்றில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. எங்கும் பிழைப்பதற்கும் ஓரிடத்தை மட்டுமே நம்பியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்கத்தான் தென்னாப்பிரிக்கர்கள் ஒவ்வோர் இனத்துக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கும் திரிவதற்குச் சுழியம்; அரிதாகி, அழிவை நெருங்கி, சூழல் மாற்றத்தைத் தாங்காததற்கு ஒன்பது. பத்துச் சாதாரணத் தட்டான்கள் சேர்ந்தாலும் ஓர் அரிய ஊசித்தட்டானுக்கு ஈடாகாது என்பதை எண்ணாலேயே சொல்லிவிடும் நேர்மையான முறை இது.

பறக்கும் பூச்சி எங்கிருந்தோ வந்திருக்கலாம், அதை வைத்து ஓடையை எடைபோடலாமா என்பது இதைவிட வலுவான கேள்வி. உண்மைதான், கரையில் தட்டான் உட்கார்ந்திருப்பதாலேயே அது அங்கே பிறந்தது என்று ஆகாது. அதனால்தான் கரைத் தண்டுகளில் ஒட்டியிருக்கும் உரித்த தோல்களையும் தேட வேண்டும். ஓடைக்குள் ஓர் உயிர் முழுதாக வளர்ந்து வெளிவந்ததற்கு அதைவிட உறுதியான சாட்சி இல்லை.

கேப்பின் அதே வாட்டில்தான் நீலகிரியில் சீகை மரம். 19ஆம் நூற்றாண்டில் வந்து, தோல் பதனிடும் பட்டைக்காக நடப்பட்டு, பின்னர் புல்வெளிகளுக்குள் தானாகவே பரவியது. கேப்பின் அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நீலகிரியில் ஒரே ஓடை புல்வெளியின் வெயிலிலும் சோலையின் இருட்டிலும் மாறி மாறிப் போகிறது. புல்வெளிப் பகுதியில் சீகையை அகற்றுவது ஓடையைத் திறந்துவிடுவது. சோலையோரத்தில் ஒரேயடியாக வெட்டினால் நிழலை நம்பியிருக்கும் ஊசித்தட்டான்களின் தலையில் வெயிலைக் கொட்டுவதாகும். அங்கே சோலைக் கன்றுகள் தலையெடுக்கும் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலக்க வேண்டும். ஒருமுறை வெட்டியதோடு வேலை முடியாது. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் முளைக்கும். அந்த நாற்றுகளைப் பிடுங்க ஆண்டுதோறும் அதே கரைக்கு ஆள் போயாக வேண்டும்.