ஊசியால் ஏறும் தசை

உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போய்வரும் தம் மகனுக்குச் சில மாதங்களுக்குள் தோளும் மார்பும் திரண்டுவிட்டதையும், அவன் அலமாரியில் ஊசி மருந்துக் குப்பிகள் இருக்கக் கண்டதையும் எழுதி, "சத்து மருந்துதான் என்கிறானே, நம்பலாமா?" என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார்.

நம்பலாகாது. அவர் குறித்திருக்கும் பெயர்கள் அனபாலிக் ஸ்டீராய்டுகளின் பெயர்கள். ஆணின் விரைகளில் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனும், அதன் அமைப்பைச் சற்றே மாற்றிச் செய்தவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு; அதை இதனோடு குழப்பிக்கொண்டு அஞ்ச வேண்டாம்.

1849-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பெர்டோல்ட் என்பவர், விரை நீக்கப்பட்ட இளஞ்சேவல்கள் செழித்த கொண்டையும் கூவலும் சண்டைக் குணமும் இல்லாது போவதையும், வயிற்றுக்குள் ஒரு விரையைப் பதித்துவிட்டால் அவை மறுபடி முழுச் சேவல்களாகிவிடுவதையும் கண்டு, இரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று சென்று சரீரம் முழுவதையும் ஆள்கிறது என்று அனுமானித்தார். அந்த ஏதோ ஒன்றை 1935-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் காளைகளின் விரைகளிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் அதனைச் செயற்கையாகச் செய்துகாட்டிய பூட்டெனாண்டுக்கும் ருஸிக்காவுக்கும் 1939-இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இம்மருந்து தசையை வளர்ப்பது உண்மை. அமெரிக்காவில் 1996-இல் வெளியான ஒரு பரிசோதனையில், வாரம் 600 மில்லிகிராம் வீதம் 10 வாரம் டெஸ்டோஸ்டிரோன் பெற்ற ஆடவர்களுள், உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும் தசை பெருத்தது. ஆயினும் அதற்கு முன் வெகுகாலம், இதனால் பயனில்லை என்றே மருத்துவ உலகம் சொல்லிவந்தமையால், பயனைக் கண்ணெதிரே கண்ட விளையாட்டு வீரர்கள் மருத்துவர்களின் மற்ற எச்சரிக்கைகளையும் நம்பாமற் போயினர். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, இரத்தத்தில் இந்த ஹார்மோனின் அளவை இடையறாது கவனித்து, குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பியின் வாயிலாக விரைகளுக்கு ஆணை அனுப்புகிறது. நிறைந்தால் ஆணையை நிறுத்திக்கொள்கிறது. எங்கள் வீட்டு மேல்தொட்டியில் லாரித் தண்ணீரை நிரப்பிவிட்டால், மிதவை உயர்ந்து நகராட்சிக் குழாயின் வாயை அடைத்துவிடும். பிறகு குழாயில் எத்தனை தண்ணீர் வந்தாலும் தொட்டிக்குள் ஒரு சொட்டும் இறங்காது. ஊசி மருந்து செய்வதும் இதுவே. ஆணை நின்றதும் விரைகள் வேலையின்றிச் சிறுத்துப்போகின்றன. விந்தணு உற்பத்திக்கோ, இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவான டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே சுரக்க வேண்டும். ஆகவே இரத்தத்தில் அது பெருகி ஓடும் அதே வேளையில் விரைக்குள் வறண்டு, பார்வைக்கு மல்லனாக இருப்பவன் பிள்ளைப்பேற்றுக்குத் தகுதியற்றவனாகிறான். ஊசியை நிறுத்தியபின்னும் அந்த ஆணை மீளப் பல மாதங்களாகலாம்; இடைப்பட்ட காலத்துச் சோர்வும் மனத்தளர்வும் தாளாமல் மறுபடி ஊசியை நாடுவோர் உண்டு.

மிகுந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ஆணுக்கு மார்பகம் வளர்வதும், மாத்திரை வகைகள் கல்லீரலைக் கெடுப்பதும், நல்ல கொலஸ்ட்ரால் குறைந்து இதயத் தசை தடிப்பதும் உண்டு. வளரும் பருவத்தினர்க்கு எலும்பின் வளர்முனைகள் முன்னதாகவே மூடி, உயரம் நின்றுவிடும்.

கிழக்கு ஜெர்மனியில் 1970-களில், அரசாங்கமே திட்டமிட்டு, பள்ளிச் சிறுமியரான நீச்சல் வீராங்கனைகளுக்கு வைட்டமின் என்று சொல்லி இம்மாத்திரைகளைக் கொடுத்தது. பலருக்குக் குரல் ஆண்குரலாகத் தடித்தது. அப்படித் தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்புவதில்லை. பொறுப்பிலிருந்த எவால்டும் ஹோப்னரும் 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். அங்கே குற்றமெனத் தீர்ப்பான காரியத்தை, இங்கே மருந்துச் சீட்டே கேளாமல் விற்பவரும், மாணவனுக்குத் தம் கையாலேயே ஊசி போட்டுவிடும் ஜிம் மாஸ்டரும் மனம் கூசாமல் செய்கிறார்கள். விரை பழுதுபட்டுப் பிறந்தவர்க்கும், நோயால் சுரப்பு நின்றவர்க்கும் மெய்யாகவே உதவும் நல்ல மருந்து இது என்பதால் என் கோபம் அதிகமாகிறது.

அம்மையார் மகனைக் கடிந்துகொள்ளாமல், அந்தக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு, ஹார்மோன் மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்லட்டும். எதை, எவ்வளவு, எத்தனை காலம் போட்டுக்கொண்டான் என்பதை அவன் ஒளிக்காமல் சொன்னால், இரத்தத்தில், பிட்யூட்டரி அனுப்பும் ஆணைகளான எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவற்றின் அளவையும், டெஸ்டோஸ்டிரோனின் அளவையும், கல்லீரலின் நிலையையும் பார்த்து, சிகிச்சை வேண்டுமா, காத்திருந்தாலே போதுமா என்பதை அவர் கூறுவார்.