ஏணி வடிப்பானும் கணினியும்

இசைக்கருவி எழுப்பும் ஒலியில் அடிப்படைச் சுரத்தோடு மேற்றொனிகள் பலவும் கலந்திருக்கும். அவற்றுள் வேண்டாதவற்றைத் தணிப்பதே வடிப்பானின் தொழில். அமெரிக்கரான றொபேட் மூக் அமைத்து, 1969 இல் காப்புரிமை பெற்ற மின்வடிப்பான் இத்துறையிற் பெரும் புகழ் பெற்றது. திரான்சிஸ்டர்ச் சோடிகள் படிகள் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தமையால் அதனை ஏணி வடிப்பான் என்பர். குறித்த மீடிறனுக்கு மேலே, ஸ்தாயி ஒன்றுக்கு 24 டெசிபெல் வீதம் அது ஒலியைத் தாழ்த்தும்.

இன்று அப்பணியைக் கணினியிற் பிளகின் எனப்படும் சிறு நிரல்கள் ஆற்றுகின்றன. தணிக்கும் கணக்கு எளிதே. காதுக்கோ அது போதவில்லை. வலுத்த மின்சைகையைத் திரான்சிஸ்டர் அப்படியே கடத்துவதில்லை. அதன் முனைகளை மழுக்கிவிடுகிறது. பொறியியலாளர் குறையெனக் கொள்ளும் இம்மழுக்கமே இசைவாணருக்கு இனிமையாயிற்று! பின்லாந்தினரான அன்ரி ஹுவோவிலைனன் 2004 இல் வெளியிட்ட முறை, ஏணியின் ஒவ்வொரு படியிலும் அம்மழுக்கத்தைக் கணக்கிற் சேர்த்தது.

மழுக்கம் உட்செல்லும் ஒலியின் வலுவைப் பொறுத்தது. ஆகவே, மெலிந்த ஒலியை அனுப்பிவிட்டுப் பிளகினில் உயிரில்லை என்று குறைகூறுதல் முறையன்று. முதலில் உள்ளீட்டுக் குமிழைச் சிறிது சிறிதாக உயர்த்திக் கேட்டல் வேண்டும். பரிவுக் குமிழிலோ கூடிய கவனம் தேவை. அதனைத் திருப்பத் திருப்ப, குறித்த மீடிறனருகே ஒலி கூர்மையுறும், கீழ்ச்சுரங்கள் மெலியும். மூலக் கருவியின் இயல்பும் அதுவே. சில பிளகின்கள் அவ்விழப்பை ஈடுசெய்யவும் வழி வைத்துள்ளன. குமிழை மேலும் திருப்பினால், உள்ளே ஒலியேதும் செல்லாதபோதும் வடிப்பான் தானாகவே சீழ்க்கையடிக்கத் தொடங்கிவிடும்.