தட்டா? பட்டனா? "டி.ஜே."க்களை இரண்டாகப் பிரித்த சண்டை!

கல்யாண ரிசப்ஷனில் பாட்டு போடும் "டி.ஜே."யை இன்று எல்லோருக்கும் தெரியும். காதில் ஹெட்போன். முன்னால் விளக்கு மின்னும் ஒரு பெட்டி. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு நைசாக நுழைந்து விடும். தாளம் தப்பாது. ஆடுகிற கால் நிற்காது.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்பு அந்த மேஜையில் இருந்தவை இரண்டு ரிக்கார்டு பிளேயர்கள். கறுப்பு இசைத்தட்டு, அதன் மேல் ஓடும் ஊசி. அவ்வளவுதான்!

"எது உசத்தி? தட்டா, டிஜிட்டலா?" இந்தக் கேள்வி உலகம் பூராவும் டி.ஜே.க்களை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

புதிதாகத் தொழிலுக்கு வரும் வாலிபனுக்கு இது வெறும் பட்டிமன்றம் அல்ல. கையில் இருக்கும் காசை எதில் போடுவது என்ற விஷயம். தப்பாக வாங்கினால் போட்ட முதல் போச்சு!

25 காசு டிக்கெட்

சண்டை புரிய வேண்டுமானால் அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகருக்குப் போக வேண்டும். அங்கே பிராங்ஸ் என்று ஒரு பகுதி. 1970களில் ஏழைகள் நிறைந்த இடம். வேலை இல்லை. பல வீடுகள் இடிந்தும் எரிந்தும் கிடந்தன.

1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ம் எண் அடுக்குமாடி வீடு. அங்கே குடியிருந்த சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று ஒரு ஆட்டபாட்ட விருந்து நடத்தினாள். பெண்களுக்கு 25 சென்ட் டிக்கெட். ஆண்களுக்கு 50 சென்ட்.

ரிக்கார்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பெல். ஜமைக்காவில் பிறந்தவர். அப்போது வயது 18. "கூல் ஹெர்க்" என்று பட்டப்பெயர்.

அவர் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். பாட்டின் நடுவில் பாடகர் வாயை மூடி, டிரம் மட்டும் அதிருமே, அந்த இடத்தில்தான் கூட்டம் துள்ளிக் குதித்தது. ஆனால் அது சில விநாடிதான். வந்த வேகத்தில் போய்விடும்.

ஹெர்க் என்ன செய்தார் தெரியுமா? ஒரே ரிக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். இரண்டு பிளேயரில் வைத்தார். ஒன்றில் டிரம் முடிந்ததும் மற்றதில் அதே டிரம்மை ஆரம்பித்தார். அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னுக்கு நகர்த்தி வைத்தார். சில விநாடி டிரம் பல நிமிடம் ஓடியது!

"ஹிப்-ஹாப்" என்ற இசை பிறந்த கதை இதுதான்.

குப்பையில் கிடைத்த பொக்கிஷம்

ஹெர்க்குக்குப் பின் வந்தவர் ஜோசப் சாட்லர். "கிராண்ட்மாஸ்டர் பிளாஷ்" என்றால்தான் தெரியும். தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பிறர் தூக்கி எறிந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து தன் செட்டைத் தானே கட்டினார். தட்டில் எந்த இடத்தில் டிரம் தொடங்குகிறது என்று தெரிய, அதன் மேலேயே கலர் பென்சிலால் கோடு போட்டார்.

அதே பகுதியைச் சேர்ந்த சிறுவன் தியோடர். வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தபோது அம்மா திட்ட வந்தாள். சுழலும் தட்டைச் சட்டென்று கையால் பிடித்தான். கை லேசாக முன்னும் பின்னும் அசைந்தது. "விக்கி, விக்கி" என்று ஒரு சத்தம்! இன்று உலகம் முழுவதும் "ஸ்கிராட்ச்" என்று சொல்லும் வித்தை இதுதான்.

1977 ஜூலை 13-ந் தேதி இரவு நியூயார்க் நகரமே இருளில் மூழ்கியது. மின்சாரம் இல்லை. கடைகள் சூறையாடப்பட்டன. அந்த ஒரு இரவுக்குப் பிறகு பிராங்ஸில் புதுப்புது டி.ஜே. கோஷ்டிகள் முளைத்தன என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வது உண்டு. செட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையாம்!

ஆக, ரிக்கார்டு பிளேயரை இசைக்கருவி ஆக்கியவர்கள் பணக்காரர்கள் அல்ல. கிட்டார் வாங்க வசதி இல்லாத பிள்ளைகள்.

ஜப்பான் மெஷின்

இந்தப் பிள்ளைகளின் கைக்கு ஈடு கொடுக்க சாதா பிளேயரால் முடியவில்லை. காரணம் பெல்ட். பழைய பிளேயரில் தையல் மெஷின் மாதிரி மோட்டார் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், நடுவில் ரப்பர் பெல்ட். தட்டைப் பின்னுக்குத் தள்ளினால் பெல்ட் வழுக்கும். விட்டதும் உடனே வேகம் எடுக்காது.

ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி (இன்றைய பேனசோனிக்) "டெக்னிக்ஸ்" என்ற பெயரில் பெல்ட் இல்லாத பிளேயரைக் கொண்டு வந்தது. மோட்டாரின் மேலேயே தட்டு சுழலும். "எஸ்.எல்.-1200" என்ற மாடல் 1972-ல் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்த மெஷின் அது. டி.ஜே.க்கள் அதைத் தங்கள் மெஷினாக ஆக்கிக்கொண்டார்கள்.

1979-ல் வந்த இரண்டாவது மாடல்தான் கிங்! பட்டனைத் தட்டினால் 0.7 விநாடியில் முழு வேகம். பக்கத்தில் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு குமிழ். அதை நகர்த்தினால் வேகம் 8 சதவீதம் கூடும் அல்லது குறையும். எடை 12½ கிலோ. கூட்டம் குதித்தாலும் அசையாது. இந்த வரிசையில் 35 லட்சம் மெஷின்களுக்கு மேல் விற்றிருக்கின்றன.

காதுக்கு வேலை

அந்தக் குமிழில்தான் தொழிலின் ரகசியம் இருக்கிறது.

ஓடுகிற பாட்டில் நிமிடத்துக்கு 124 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டில் 120 அடி. அப்படியே கலந்தால் இரண்டும் மோதும். குதிரை ஓடுகிற மாதிரி "தடதட" சத்தம் வரும். ஆடுகிறவன் திரும்பி முறைப்பான்!

எனவே இரண்டாவது தட்டின் வேகத்தை மூன்றே கால் சதவீதத்துக்குச் சற்று மேலே தள்ள வேண்டும். பழைய தட்டில் இந்தக் கணக்கை யாரும் எழுதிக் காட்ட மாட்டார்கள். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ஹால் சத்தம். காதால் கேட்டு, விரலால் தள்ளி, இரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டும். சேர்ந்தபின் "மிக்சர்" என்ற பெட்டியில் (தின்கிற மிக்சர் அல்ல!) ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட வேண்டும்.

இதைப் பழக மாதக்கணக்கில் ஆகும். "இந்தத் தவம் செய்யாதவன் டி.ஜே.யே அல்ல" என்பது தட்டுக் கட்சியின் வாதம்.

வந்தது டிஜிட்டல்!

2001-ல் ஜப்பானின் பயோனியர் கம்பெனி "சி.டி.ஜே.-1000" என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளே சி.டி. மேலே வட்டச் சக்கரம். அதைக் கையால் தேய்த்தால் ரிக்கார்டைத் தேய்த்த மாதிரியே சத்தம் வந்தது. 2009-ல் வந்த "சி.டி.ஜே.-2000"-க்கு சி.டி. கூடத் தேவை இல்லை. ஒரு பென் டிரைவ் போதும்.

பின்னால் வந்த பெட்டிகளில் "சிங்க்" என்று ஒரு பட்டன். அழுத்தினால் இரண்டு பாட்டின் தாளமும் தானாக ஒன்று சேரும். மாதக்கணக்கில் பழகிய வித்தை ஒரு விரல் அழுத்தலில் முடிந்து போனது! தட்டுக் கட்சிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் டிஜிட்டல் கட்சி சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஒரு எல்.பி. ரிக்கார்டு 140 முதல் 180 கிராம். உறையோடு 80 தட்டைப் பெட்டியில் அடுக்கினால் 15 கிலோவைத் தாண்டும். இடுப்பு ஒடியும்! விமானத்தில் போகிறவருக்குக் கூடுதல் எடைக்குக் காசு வேறு. பெட்டி வழியில் தொலைந்தால் அன்றைய நிகழ்ச்சியே இல்லை.

32 ஜி.பி. பென் டிரைவில் நல்ல தரத்தில் 2,500 பாட்டு அடங்கும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்சில் போகலாம்.

நடுவில் ஒரு வழி

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ரிக்கார்டு பிளேயர் அதேதான். ஊசியும் அதேதான். ஆனால் தட்டில் பாட்டு இருக்காது. "கீய்ய்" என்று ஒரு சத்தம் மட்டும் பதிந்திருக்கும். தட்டு எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே லேப்டாப் கண்டுபிடிக்கும். லேப்டாப்பில் உள்ள பாட்டை அதே வேகத்தில் ஓட்டும்.

"பைனல் ஸ்கிராட்ச்" என்ற இந்த முறையை ஆரம்பத்திலேயே கையில் எடுத்தவர்களில் கனடாவில் வளர்ந்த ரிச்சி ஹாட்டின் ஒருவர். 2004-ல் "செராட்டோ" என்ற மென்பொருள் வந்தபின் பெரிய பெரிய ஸ்கிராட்ச் வித்தகர்கள் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கைக்குப் பழைய தட்டு, பாட்டுக்கு லேப்டாப்! லேப்டாப் நடுவில் படுத்துவிட்டால் ஆபத்து என்பதுதான் ஒரே பயம்.

செத்துப் பிழைத்த மெஷின்

2010-ல் டெக்னிக்ஸ் தன் மெஷின் தயாரிப்பை நிறுத்தியது. "தட்டின் கதை முடிந்தது" என்றார்கள்.

முடியவில்லை! ரிக்கார்டு மோகம் திரும்பி வந்தது. 2016-ல் டெக்னிக்ஸ் மறுபடியும் தயாரிப்பைத் தொடங்கியது. 2019-ல் டி.ஜே.க்களுக்கென்றே ஏழாவது மாடல் வந்தது. 2022-ல் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் ரிக்கார்டுகள் விற்றன. சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் சி.டி.யை ரிக்கார்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

ஆனாலும் தட்டுத் தொழில் பலவீனமான காலில்தான் நிற்கிறது. டி.ஜே.க்கள் உயிராக மதித்த ஊசிகளைச் செய்த அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 2018-ல் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் "அப்போலோ மாஸ்டர்ஸ்" தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. ரிக்கார்டு அச்சு எடுக்கத் தேவையான மூலத்தட்டைச் செய்த பெரிய தொழிற்சாலை அது. ஒரே தீயில் உலக ரிக்கார்டு தொழிலே கதிகலங்கியது.

பாக்கெட் என்ன சொல்கிறது?

இனி கணக்குப் பார்ப்போம்.

டெக்னிக்ஸ் புது மெஷின் ஒன்று சுமார் 1,000 டாலர். இரண்டு வேண்டும். மிக்சர் தனி. ஊசி தனி. ஊசி தேயும், மாற்ற வேண்டும். புது எல்.பி. ஒன்று 25, 30 டாலர். 200 தட்டு சேர்க்கவே 5,000 டாலர் ஆகிவிடும்.

டிஜிட்டலில் இரண்டு சக்கரமும் மிக்சரும் ஒன்றாகச் சேர்ந்த ஆரம்பப் பெட்டி சுமார் 300 டாலர். லேப்டாப்பில் சொருகினால் போதும். கடையில் ஒரு பாட்டு ஒன்றரை டாலர் அளவில் கிடைக்கும். 200 பாட்டுக்கு 300 டாலர்.

டிஜிட்டலிலும் பணம் தின்னும் பெட்டி உண்டு. பெரிய கிளப்புகளில் வைக்கும் "சி.டி.ஜே.-3000" ஒன்றே 2,000 டாலருக்கு மேல். கற்றுக்கொள்ளும் பையனுக்கு அது வேண்டாம்.

கல்யாணம், பிறந்தநாள், காலேஜ் விழா என்று சம்பாதிக்க நினைப்பவனுக்கு டிஜிட்டல்தான் சரி. மாப்பிள்ளையின் மாமா திடீரென்று வந்து ஒரு பழைய பாட்டுக் கேட்பார். தட்டுப் பெட்டியில் அது இருக்காது!

ஸ்கிராட்ச் வித்தையில் பேர் வாங்க வேண்டும், போட்டிக்குப் போக வேண்டும் என்பவனுக்குக் கனமான ரிக்கார்டு பிளேயர்தான் வேண்டும். சுழலும் தட்டைக் கை பிடித்து நிறுத்தும் அந்த இழுவை சின்னப் பெட்டியில் கிடைக்காது. பழைய மெஷின் வாங்கினால், வேகக் குமிழ் நடுவில் நிற்கும்போது வேகம் ஆடுகிறதா, ஊசிக் கை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

விளக்கை மூடு, காதைத் திற!

தட்டுக் கட்சி சொல்லும் "தவம்" டிஜிட்டல்காரனுக்கும் முடியாதது அல்ல. வழி ரொம்ப சுலபம். "சிங்க்" பட்டனைத் தொடாதே. திரையில் தாளக் கணக்குத் தெரியும் இடத்தில் ஒரு காகிதத்தை ஒட்டு. காதால் மட்டும் கேட்டு இரண்டு பாட்டையும் சேர்க்கப் பழகு. 300 டாலர் பெட்டியிலும் காது பழகும். பழகிய காதுக்குப் பிறகு எந்த மெஷினும் ஒன்றுதான்.

மேடையில் பட்டன் மக்கர் செய்யும் நாளில் அந்தக் காதுதான் மானத்தைக் காப்பாற்றும்.

"ரிக்கார்டு இல்லாதவன் டி.ஜே. இல்லை" என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1973-ல் பிராங்ஸ் பிள்ளைகள் ரிக்கார்டு பிளேயரை எடுத்தது அது உசத்தி என்பதற்காக அல்ல. வீட்டில் கிடந்தது, எடுத்தார்கள். இன்று ஏழைப் பிள்ளைக்கு எட்டுவது 300 டாலர் பெட்டி. ரிக்கார்டு செட்டோ காசு உள்ளவர்களின் அலமாரிக்குப் போய்விட்டது.

எந்தப் பெட்டி கைக்கு எட்டுகிறதோ, அதில் தொடங்கலாம். அடுத்த ஹெர்க் எந்தத் தெருவில் எந்தப் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கிறானோ, யார் கண்டது!