உஷார்! உங்கள் வழக்குக்கு நீதிபதியை எதிராளி நியமிக்கிறார்

வேலையில் சேரும் அன்று கொடுக்கிற அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சம்பளப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவரா நீங்கள்? இன்றே அதை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். தகராறு எது வந்தாலும் நிறுவனம் நியமிக்கும் தனி நடுவரிடம் போகும், அவர் சொல்வதே முடிவு என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கிறதா? அப்படியானால் பாண்டுப் பணமோ, நிலுவை இன்சென்டிவோ, போட்டி நிறுவனத்தில் சேர்ந்த சண்டையோ, எதுவானாலும் தீர்ப்புச் சொல்லும் ஆளை எதிர்த்தரப்பே பொறுக்கி எடுக்கப் போகிறது. (பாண்டு என்பதே செல்லாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது.)

இந்த நடுவர் விவகாரத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். 1996ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தில் 2015ல் திருத்தம் வந்தது. 12(5) பிரிவும் ஏழாம் அட்டவணையும் யாரெல்லாம் நடுவராக உட்காரவே கூடாது என்று வரிசையாகச் சொல்கின்றன. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், வழக்கறிஞர், அதன் நிர்வாகத்தில் இருப்பவர் யாருமே ஆகாது. நடுவராக இருக்கத் தகுதியில்லாத நிர்வாக இயக்குநர் தனக்குப் பதில் இன்னொருவரைக் கைகாட்டவும் முடியாது என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிவில் ஆதாயம் உள்ளவர் தனி நடுவரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று 2019ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும், ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை நியமிக்கும் ஏற்பாடு நடுவரின் சுதந்திரத்தில் நியாயமான ஐயத்தை எழுப்புகிறது என்றது.

பிறகு எதற்கு இந்த அலறல்? இந்தப் பாதுகாப்பை நீங்களே எழுதிக் கொடுத்து இழக்கலாம், அதனால்தான். 12(5) பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு இருக்கிறது. தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்துமூலமாக வெளிப்படையாகச் சம்மதித்தால் தகுதியில்லாதவரும் நடுவராகலாம். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து இதற்குப் போதாது. ராஜினாமாவுக்குப் பிறகு எச்.ஆரிடமிருந்து வரும் மின்னஞ்சலில்தான் ஆபத்து. "இவரே நடுவராக இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி பதில் போடுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும், ரிலீவிங் லெட்டரும் வந்துடும்" என்று குரல் குழைந்து வரும். அந்த ஒரு வரியைத் தட்டி அனுப்பிவிடாதீர்கள்.

நடுவர் அந்த அட்டவணையில் அகப்படாதவர், ஆனாலும் அவர்மேல் நியாயமான சந்தேகம் என்றால் நாள் கணக்கு ஓடத் தொடங்குகிறது. விஷயம் தெரிந்து 15 நாளுக்குள் அவரிடமே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. சும்மா இருந்துவிட்டுப் பிறகு புலம்பினால் எடுபடுவது கடினம்.

தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. சம்பள பாக்கி கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் போன விமானிகளை, ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருக்கிறது என்று கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் மடக்கப் பார்த்தது. தொழில் தகராறை அப்படித் தனி நடுவரிடம் இழுத்துப்போக முடியாது என்று 2012ல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலாளர் அந்தஸ்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

இனி, ஊழியர்மேல் குற்றம் சாட்டி (சார்ஜ் மெமோ கொடுத்து) நிறுவனமே நடத்தும் உள்விசாரணை. ஏமாந்து போகிறவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான். நடுவர் விஷயத்தில் கம்பெனி ஊழியர் ஆகாது என்று படித்துவிட்டு, சார்ஜ் மெமோ விசாரணையிலும் "விசாரணை அதிகாரி கம்பெனி ஆள், செல்லாது!" என்று குதிக்கிறார்கள். செல்லும். நிறுவனத்தின் அதிகாரியே விசாரிக்கலாம். நிறுவனத்திடம் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர் விசாரித்தார் என்பதாலேயே அது பாரபட்சம் ஆகிவிடாது என்று 1964லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆட்சேபணை நிற்க வேண்டுமானால் விசாரிப்பவரே புகார் கொடுத்தவராகவோ சாட்சியாகவோ இருக்க வேண்டும், முடிவை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அல்லது உங்களோடு அவருக்கு நிரூபிக்கத்தக்க பகை இருக்க வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு காவலரை விசாரித்த போலீஸ் அதிகாரி, சாட்சி ஒருவர் மாற்றிப் பேசியதும், தானே எழுந்து போய்க் காவலருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்ப வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணையைத் தொடர்ந்தார், காவலரை டிஸ்மிஸும் செய்தார். இயற்கை நீதியை அப்பட்டமாக மீறிய செயல் என்று 1957ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும் காவலர் தோற்றார். டிஸ்மிஸ் உத்தரவு 1948ல் வந்தது, அரசியலமைப்புச் சட்டம் அமலானது 1950ல், எனவே அந்தச் சட்டம் தரும் ரிட் அதிகாரம் (இப்படிப்பட்ட உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்யும் அதிகாரம்) பின்னோக்கிப் பாயாது என்றார்கள். அக்கிரமம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் கைக்கு ஒன்றும் வரவில்லை.

உங்களுக்கு அந்தத் தேதிச் சிக்கல் கிடையாது, மௌனச் சிக்கல் உண்டு. அதே 1957ல் ராஜஸ்தான் வழக்கறிஞர் ஒருவரின் ஒழுங்கு விசாரணையில், குழுத் தலைவர் முன்பு எதிர்த்தரப்புக்காக ஆஜரானவர். குழுவை அமைத்த விதம் தவறுதான் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அறிக்கை பாதகமாக வரும்வரை அவர் வாய் திறக்காததால், அந்த உரிமையை விட்டுக்கொடுத்தவர் ஆகிவிட்டார் என்றது. 1976ல் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனவருக்கும் இதே கதி. குழுவில் யார் யார் என்று தெரிந்தே போய் உட்கார்ந்தார், இடம் கிடைக்காதபோது பாரபட்சம் என்றார். பரீட்சித்துப் பார்த்துவிட்டு இப்போது கேட்காதே என்று அனுப்பிவிட்டார்கள். விதிவிலக்கு இருக்கிறது. விசாரணைக் குழு உறுப்பினரே சாட்சியாகவும் இருந்த ஒரு பள்ளி முதல்வர் வழக்கில், தாமதமான ஆட்சேபணையை 1993ல் ஏற்றார்கள். அந்த விதிவிலக்கை நம்பி வேலையைப் பணயம் வைப்பது என் கண்ணுக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

ஆகவே தெரிந்த அன்றே எழுதுங்கள். திட்டி எழுதாதீர்கள், "நிர்வாகத்தின் கைக்கூலி" என்ற சொல்லே அடுத்த சார்ஜ் மெமோ ஆகும். இன்ன தேதியில் புகாரில் கையெழுத்திட்டவர் இவர், இன்ன கூட்டத்தில் என்னை வெளியேற்றுவேன் என்றார் என நடந்ததை மட்டும் வையுங்கள். விசாரணை அதிகாரியை மாற்றக் கோரி அவரை நியமித்தவருக்கு அனுப்பி, அனுப்பியதற்குச் சான்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற மறுத்தால் கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள், நீங்கள் இல்லாமலே ஒருதலையாக முடித்துவிடுவார்கள். எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டே கலந்துகொள்கிறேன் என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்று மாலையே அதைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

விசாரணையின் கடைசி நாளில் ஒரு கேள்வி வரும்: விசாரணை நடந்த விதம் உங்களுக்குத் திருப்தியா? எல்லாம் முடிந்த களைப்பில் பலரும் "ஆம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "இல்லை" என்று எழுதி, உங்கள் ஆட்சேபணைக் கடிதத்தின் தேதியைக் குறித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.